ஓவைஹீ நாடு: ஆறு, கேன்யன், சிகரம், மாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். இங்கிருந்து தெற்கே பார்த்தால், பனி போர்த்திய ஒரு மலைத்தொடர் தெரியும். அதன் பெயர் ஓவைஹீ. வந்த முதல் இரண்டு வருஷம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு வசந்தத்தில் போனேன், அதற்குப் பிறகு போகாத வருஷமே இல்லை. புதிதாக இங்கே குடிவரும் நம்மவர்களும், ஊரிலிருந்து வந்துபோகும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஓவைஹீ சரியாக எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் வடமேற்கில் ஐடஹோ, ஓரிகன், நெவாடா என்ற மூன்று மாநிலங்களும் முட்டிக்கொள்ளும் மூலையில். ஐடஹோ பக்கம் உள்ள ஓவைஹீ கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டுமே சுமார் 19,900 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் பெரியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 12,000 பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் வட ஓரத்தில், ஸ்நேக் ஆற்றங்கரைப் பாசன நிலங்களில் இருக்கிறார்கள். உள்ளே போகப் போக மனிதர்களை விட மாடுகள்தான் கண்ணில் படும். நடுவே ஓடும் 95ஆம் நெடுஞ்சாலையை மூன்று மாநிலங்களின் முதல் எழுத்தைச் சேர்த்து 'ஐ.ஓ.என். சாலை' என்பார்கள்.

ஒரு சின்னக் குழப்பம்: ஓரிகன் மாநிலம் பசிபிக் நேரப்படி ஓடும். ஆனால் ஓரிகனின் இந்த மூலை பெரும்பாலும் ஐடஹோ நேரத்தையே பின்பற்றுகிறது. சந்தை, பள்ளி, மருத்துவம் எல்லாம் பாய்சிப் பக்கம் என்பதால் அப்படி.

பெயர் ஏன் ஹவாய் மாதிரி ஒலிக்கிறது?

ஹவாய்தான் அது. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் ஹவாயை 'ஓவைஹீ' என்றுதான் எழுதினார்கள். மென்ரோமத் தோல் வியாபாரத்துக்காக நீர்நாய் போன்ற பீவர்களைப் பிடிக்க வந்த கம்பெனிகள், ஹவாய்த் தீவுக்காரர்களையும் கூலிக்கு அழைத்துவந்தன. 1819 வாக்கில் டொனால்ட் மெக்கென்சி என்பவரின் குழுவிலிருந்து மூன்று ஹவாய்க்காரர்கள் இந்த ஆற்றுப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவேயில்லை. அவர்களைத் தேடிப் போனவர்கள் ஆற்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு மலைக்கும் கவுன்ட்டிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கடல் நடுவிலிருந்து வந்த மூன்று பேர் நினைவாக, கடலே தெரியாத ஒரு வறண்ட மேட்டு நிலம்.

பாலைவனமா, மேய்ச்சல் நிலமா?

இரண்டும். பல இடங்களில் ஆண்டுக்கு 25 செ.மீ. மழைதான். சென்னையில் சராசரி 140 செ.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்கே உள்ள கேஸ்கேட் மலைத்தொடர் பிடித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று படித்தோமே, அதேதான். ஆனால் ராஜஸ்தான் மாதிரி மணல் மேடு எதுவும் கண்ணில் படாது. கடல் மட்டத்திலிருந்து 1,200 முதல் 1,800 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் பீடபூமி இது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் பச்சை நிறத்தில் 'சேஜ்பிரஷ்' என்ற முழங்கால், இடுப்பு உயரப் புதர்.

அந்தப் புதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் மழைக்குப் பிறகு வண்டிக் கண்ணாடியை இறக்கியதும் ஒரு வாசனை வந்தது. எங்கேயோ முகர்ந்த வாசனை, ஆனால் பிடிபடவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது: பூக்கடை. சேஜ்பிரஷ், மல்லிகையோடு வைத்துக் கட்டுகிற நம்ம மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது. மரிக்கொழுந்தை விட இது காட்டமாக, கொஞ்சம் கற்பூரம் கலந்த மாதிரி இருக்கும்.

மழையே இல்லாத ஊரில் ஆறு எப்படி ஓடுகிறது?

பனியால். ஓவைஹீ ஆறு நெவாடாவின் வடகிழக்கு மலைகளில் பிறந்து, ஐடஹோவின் மூலையை வெட்டிக்கொண்டு, ஓரிகனுக்குள் புகுந்து, சுமார் 450 கி.மீ. ஓடி ஸ்நேக் ஆற்றில் சேர்கிறது. குளிர்காலம் முழுக்க உயரங்களில் குவிந்த பனி மார்ச்சிலிருந்து உருக ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு சேற்று நிறத்தில் பொங்கி ஓடும். ஆகஸ்ட்டில் அதே ஆற்றைப் பல இடங்களில் பேன்ட்டை மடித்துக்கொண்டு கடந்துவிடலாம்.

அதனால் இங்கே யாரும் 'மழை எப்படி?' என்று கேட்பதில்லை. 'மேலே பனி எப்படி?' என்பார்கள். பிப்ரவரியில் ஒரு ரான்ச்காரர் (மாட்டுப் பண்ணைக்காரர்) மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், ஜூலையில் அவர் வைக்கோல் விலைக்கு வாங்கப்போகிறார் என்று அர்த்தம்.

இந்தக் கேன்யன்கள் (ஆறு அறுத்த செங்குத்துப் பள்ளத்தாக்குகள்) எப்படி உண்டாயின? கிராண்ட் கேன்யன் மாதிரி இருக்குமா?

இருக்காது. கிராண்ட் கேன்யன் அடுக்கடுக்கான படிவுப் பாறை, இங்கே எல்லாம் எரிமலை வேலை. சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரம் வெடித்துக் கொட்டியது. இன்று யெல்லோஸ்டோன் பூங்காவின் அடியில் இருக்கும் வெப்ப மையம் அப்போது இந்தப் பக்கத்து நிலத்துக்கு அடியில் இருந்தது என்பது புவியியலாளர்களின் விளக்கம். அந்த மையம் நகரவில்லை, மேலே இருக்கும் கண்டத் தட்டுதான் தென்மேற்காக நகர்ந்துபோனது. கெட்டியான ரையோலைட் குழம்பு, பிறகு இளகி ஓடும் கருங்கல் (பசால்ட்) குழம்பு, நடுநடுவே சாம்பல் என்று மேலே மேலே படிந்தது. அதை ஆறு அறுத்துக்கொண்டே போயிருக்கிறது.

வித்தியாசம் நேரில் பார்த்தால் புரியும். கருங்கல் சுவர் கறுப்பாக, தூண் தூணாக, செங்குத்தாக நிற்கும். ரையோலைட் செம்பழுப்பாக உடைந்து கோபுரமாகும். சாம்பல் பாறை இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. லெஸ்லி கல்ச் என்ற இடத்தில் அது தேன்நிறத்தில் கூம்பு கூம்பாக நிற்கிறது, உடம்பெல்லாம் தேனடை மாதிரி ஓட்டைகள். 1882இல் ஹைரம் லெஸ்லி என்ற மாட்டுப் பண்ணைக்காரர் அங்கே மின்னல் தாக்கி இறந்துபோனார், அவர் பெயர்தான் இடத்துக்கு. ரோம் என்ற குக்கிராமத்தின் அருகே வெளிறிய பாறைச் சுவர்கள் இடிந்த ரோமானியக் கட்டடம் போல நிற்கின்றன. ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

ஆழம் பல இடங்களில் 300 மீட்டர். ஆனால் ஆழத்தை விட என்னை அசத்துவது அது ஒளிந்திருக்கும் விதம். கிழக்கே புருனோ ஆற்றுக் கேன்யனைப் பாருங்கள்: சுமார் 400 மீட்டர் அகலம், 240 மீட்டர் ஆழம். தட்டையான சமவெளியில் வண்டி ஓட்டிக்கொண்டு போவீர்கள், ஒரு மடிப்பும் தெரியாது. இறங்கி இருபது அடி நடந்தால் காலடியில் பூமி பிளந்து கிடக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலி ஏதும் பெரிதாக இல்லை.

ஆறு ஓடுகிறது, அப்புறம் மாட்டுக்கு ஏன் தண்ணீர்க் கஷ்டம்?

நல்ல கேள்வி. மொத்த ஓவைஹீயும் இதற்குள் அடங்கியிருக்கிறது. மாடு மேலே நிற்கிறது, ஆறு 300 மீட்டர் கீழே ஓடுகிறது. நடுவில் செங்குத்துச் சுவர். பல மைல்களுக்கு இறங்க வழியே கிடையாது. கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், குடிக்க முடியாது.

ஆகவே மேட்டு நிலத்தில் உருகும் பனியைச் சின்னச் சின்ன மண்கரை கட்டித் தேக்குகிறார்கள். நம்மூர்க் குட்டை மாதிரிதான், ஆனால் இவர்கள் அதையும் கௌரவமாக 'ரிசர்வாயர்' என்பார்கள். ஊற்று இருக்கும் இடத்தில் குழாய் போட்டுத் தொட்டிக்கு இழுக்கிறார்கள். பழைய பெரிய லாரி டயரின் அடியை அடைத்துச் செய்த தொட்டிகளை நிறையப் பார்க்கலாம். மாடு முட்டினாலும் உடையாது, பனியில் உறைந்தாலும் வெடிக்காது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரொம்ப தூரம் மாடு போகாது. எனவே புல் எவ்வளவு இருந்தாலும், தண்ணீர் எட்டாத இடத்துப் புல் இல்லாத புல்தான்.

ரான்ச் வீடுகள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். கேன்யன் ஓரத்தில் ஒன்றும் இருக்காது. ஓடை மலையை விட்டு வெளியே வந்து, பள்ளத்துக்குள் விழுவதற்கு முன் கொஞ்ச தூரம் சமமாக ஓடும் இடம் இருக்கும், ஜோர்டன் ஓடைப் பள்ளத்தாக்கு மாதிரி. பழைய ரான்ச்சுகள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு ரான்ச்சில் வருஷம் எப்படி ஓடும்?

பிப்ரவரி, மார்ச்சில் வீட்டருகே கன்று ஈனும். ஏப்ரல், மே மாதத்தில் கன்றுகளைக் கயிறு வீசிப் பிடித்துச் சூட்டுக்குறி போட்டு, மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவார்கள். கீழே புல் காயக் காய மந்தை மேலே ஏறும். கோடை முழுவதும் உயரத்தில். அக்டோபரில் குதிரையில் போய்த் தேடிச் சேர்த்துக் கீழே இறக்கி, தாயிடமிருந்து கன்றைப் பிரித்து, லாரியில் ஏற்றி விற்பார்கள். கன்றைப் பிரித்த இரண்டு, மூன்று ராத்திரி அந்தப் பக்கம் தூங்க முடியாது, தாய்ப்பசுக்கள் விடாமல் கதறும்.

மாடு மேலே போயிருக்கும் கோடையில் கீழே சும்மா இருக்கிறார்களா என்றால் இல்லை, அப்போதுதான் குளிர்காலத் தீவனம் விளைகிறது. குதிரைமசாலும் புல்லும். ஜோர்டன் ஓடைக்குப் பக்கத்து வயலில் ஒரு பெரியவர் பாசனம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நீளக் கழியில் ஆரஞ்சு நிறத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு, அடியை மண்வெட்டியால் நாலு மண் அள்ளி அமுக்கினார். தண்ணீர் தேங்கி, கரை வழிந்து வயலுக்குள் பரவியது. கொஞ்ச நேரம் கழித்துத் தார்ப்பாயை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இருபது தப்படி தள்ளி மறுபடியும் போட்டார். மடை மாற்றுகிற வேலை. ரப்பர் பூட்ஸும் தொப்பியும் இல்லை என்றால் எங்கள் சித்தப்பாவேதான்.

குதிரையில் மாடு மேய்ப்பவர்களைக் கௌபாய் என்று கூப்பிடலாமா?

கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இங்கே 'பக்கரூ' என்பார்கள். ஸ்பானிய மொழியின் 'வக்கேரோ' என்ற சொல் வாயில் உருண்டு இப்படி ஆனது. கலிபோர்னியா வழியாக வந்த ஸ்பானிய மரபு, அதனால் கயிறு நீளம், தொப்பி தட்டை, சேணத்தில் வேலைப்பாடு அதிகம்.

அவ்வளவு நிலமும் ரான்ச்காரர்களுக்குச் சொந்தமா?

இல்லை, ஓவைஹீ கவுன்ட்டியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மத்திய அரசு நிலம். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் மேய்க்கலாம் என்று இருந்தது. அதன் விளைவு, எல்லோரும் முந்திக்கொண்டு மேய்த்து நிலத்தை மொட்டையடித்தார்கள். 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து உரிமம் கொடுத்தது. பக்கத்தில் சொந்த நிலமோ தண்ணீரோ இருப்பவருக்கே உரிமத்தில் முன்னுரிமை. இப்போது அதை நிர்வகிப்பது பி.எல்.எம். என்று எல்லோரும் அழைக்கும் நில மேலாண்மைத் துறை.

கட்டணம், ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கு இவ்வளவு என்று. அரசு ஆணைப்படியான குறைந்தபட்சம் 1.35 டாலர், பல ஆண்டுகள் அதுவே நீடித்தது. ஒரு காபி விலையில் பாதிகூட இல்லை. 'கொள்ளை மலிவு' என்பது சூழலியலாளர்கள் வாதம். 'வேலி, தொட்டி, குழாய் எல்லாம் நாங்கள்தானே பார்த்துக்கொள்கிறோம்' என்பது ரான்ச்காரர்கள் வாதம். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் 1.35 டாலர் ரொம்பவே குறைச்சல் என்றுதான் படுகிறது.

இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்த கதையும் உண்டு. 2001இல் தொடங்கிய பேச்சு 2009இல் சட்டமானது. ஐடஹோ பக்கம் 5,17,000 ஏக்கர் வனாந்தரப் பகுதியாகவும், 500 கி.மீ. அளவுக்கு ஆறுகள் பாதுகாக்கப்பட்டவையாகவும் ஆயின. மேய்ச்சல் உரிமத்தை விட்டுக்கொடுத்த சில ரான்ச்சுகளுக்கு ஈடு கிடைத்தது. ஓரிகன் பக்கம் அப்படி ஒரு முடிவுக்கு வரும் முயற்சியில் பல வருஷ இழுபறி.

ஓடைத் தண்ணீரை யார் முதலில் எடுப்பது?

நம்மூரில் கடைமடைக்காரருக்குத்தான் எப்போதும் கஷ்டம். இங்கே கடைசியாக வந்தவருக்குக் கஷ்டம். யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தினாரோ, அவர் பெயரில் அந்தத் தேதியோடு உரிமை பதிவாகியிருக்கும். வறண்ட வருஷத்தில் 1880ஆம் வருஷத்து உரிமைக்காரர் தன் பங்கை முழுதாக எடுத்துக்கொண்ட பிறகுதான் 1910க்காரருக்கு. பின்னவர் ஓடையின் தலையிலேயே இருந்தாலும் மடையை மூடிவிட்டுத் தன் வயல் வழியாகவே தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரான்ச் விற்பனைக்கு வந்தால் ஏக்கர் எவ்வளவு என்பதற்கு முன் தண்ணீர் உரிமைத் தேதி என்ன என்று கேட்பார்கள்.

இந்தப் பக்கம் பாஸ்க் மக்கள் அதிகமாமே?

ஆமாம். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் உள்ள பாஸ்க் நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வர ஆரம்பித்தவர்கள். மொழி தெரியாது, பணம் இல்லை. யாரும் செய்ய விரும்பாத வேலை கிடைத்தது: ஆயிரக்கணக்கான ஆடுகளோடு மாதக்கணக்கில் மலையில் தனியாக இருப்பது. சம்பளத்துக்குப் பதில் ஆட்டை வாங்கிக்கொண்டு சொந்த மந்தை சேர்த்தவர்கள் உண்டு. நிலம் இல்லாமல் மந்தை மட்டும் வைத்திருந்தவர்களை 1934 சட்டம் வெளியே தள்ளியது. ஜோர்டன் வேலி என்ற சின்ன ஊரில் 1915இல் அவர்கள் கல்லால் கட்டிய பந்தாட்டச் சுவர் இன்னும் நிற்கிறது. கையால் பந்தை அடிக்கும் 'பெலோட்டா' ஆட்டத்துக்கானது.

சிகரங்களைப் பற்றி?

உயரம் பெரிதில்லை. ஓவைஹீ மலைத்தொடரில் உயர்ந்தது ஹெய்டன் சிகரம், 2,561 மீட்டர். நம் தொட்டபெட்டாவை விடக் குறைவு. ஆனால் சுற்றிலும் வறண்ட மேட்டு நிலம் என்பதால் இந்தச் சிகரங்கள்தான் பனியைப் பிடித்து வைக்கும் பானை. 1863இல் ஜோர்டன் ஓடையில் தங்கம் கிடைத்தது, பின்னாலேயே மலையில் வெள்ளிச் சுரங்கங்கள், சில்வர் சிட்டி என்ற ஊர். 1934 வரை கவுன்ட்டியின் தலைநகரே அதுதான், இப்போது பழைய மரக் கட்டடங்களும் கோடைக்கு வந்துபோகும் சிலரும். மாடு வந்தது அந்தச் சுரங்கக்காரர்களுக்கு இறைச்சி போடத்தான். சுரங்கம் போய்விட்டது, மாடு நின்றுவிட்டது.

அதற்கு முன் இங்கே யாரும் இல்லையா?

ஷோஷோன், பையூட் மக்களின் நிலம் இது. அவர்களின் டக் வேலி ஒதுக்கீட்டு நிலம் 1877இல் உருவானது, நெவாடாவிலும் ஐடஹோவிலும் பாதி பாதி. அவர்களும் ரான்ச் வைத்திருப்பவர்கள்தான். ஒரு காலத்தில் கடலிலிருந்து சால்மன் மீன் ஓவைஹீ ஆற்றில் ஏறி நெவாடா வரைக்கும் வந்தது. 1932இல் ஓவைஹீ அணை முடிந்ததும் அது நின்றுபோனது. இப்போது சில ஆண்டுகளாகச் சால்மனை லாரியில் கொண்டுவந்து ஒதுக்கீட்டு நிலத்து ஆற்றில் விட்டுப் பிடிக்கிறார்கள்.

அந்த அணை 127 மீட்டர், கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமானது. மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்கள். தேங்கிய ஏரி கேன்யனுக்குள்ளேயே 80 கி.மீ.க்கு மேல் நெளிந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீர்தான் ஓரிகனில் உள்ள நைசா, ஒன்டாரியோ ஊர்களின் பக்கத்து வெங்காய வயல்களுக்குப் போகிறது.

தீ அடிக்கடி பிடிக்கிறதே, ஏன்?

'சீட்கிராஸ்' என்ற வெளியிலிருந்து வந்த புல். ஐரோப்பா, ஆசியாப் பக்கத்தது. வசந்தத்தில் முதலில் முளைத்து, ஜூனிலேயே காய்ந்து, புதர்களுக்கு நடுவே வைக்கோல் விரித்த மாதிரி ஆகிவிடும். முன்பு சேஜ்பிரஷ் புதர்களுக்கு நடுவே வெறும் மண் இருந்தது, தீ தாண்டாது. இப்போது ஒரு மின்னல் போதும். சேஜ்பிரஷ் எரிந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்காது. அந்த இடத்தில் இன்னும் அதிகமாகச் சீட்கிராஸ் வரும், அதுவும் எரியும். 2012 ஜூலையில் மின்னலால் பிடித்த லாங் டிரா தீ ஓரிகன் பக்கம் 5,58,000 ஏக்கர் எரித்தது. நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. சேஜ்பிரஷை நம்பியே வாழும் சேஜ் கோழிக்கு இது பெரிய அடி. இந்தச் சண்டையில் ரான்ச்காரர்கள் சொந்த டோசர், தண்ணீர் லாரியோடு தொண்டர் படையாகவே இயங்குகிறார்கள். முதலில் போய்ச் சேருவது பல நேரம் அவர்கள்தான்.

எப்போது போகலாம், எதில் கவனம் வேண்டும்?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். படகில் போகிறவர்களுக்கு வசந்தம் மட்டுமே. கோடையில் வெயில், பாம்பு (கிலுகிலுப்பை விரியன்), தீ மூன்றும் உண்டு. வசந்தத்தில் உண்ணி. கைபேசி சிக்னல் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் போய்விடும். உபரி டயர், ஆளுக்கு எட்டு லிட்டராவது தண்ணீர், காகித வரைபடம் இல்லாமல் போகாதீர்கள்.

மழை பெய்திருந்தால் மண் சாலையில் இறங்கவே இறங்காதீர்கள். இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஏப்ரலில், லேசான தூறல்தானே என்று இறங்கினேன். அந்த எரிமலைச் சாம்பல் களிமண் நனைந்தால் கொழுக்கட்டை மாவு. சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் கெட்டியாக அடைத்து, சக்கரம் சுற்றவே இல்லை. ஒரு மணி நேரம் குச்சியால் நோண்டினோம். ஒரு பழைய பிக்கப்பில் நாயோடு வந்த ரான்ச்காரர் நின்று பார்த்தார். "இப்போது தள்ளாதீங்க, சாலையும் கெடும், உங்க வண்டியும் கெடும். ராத்திரி உறையட்டும். விடிந்ததும் கிளம்புங்க" என்று சொல்லி, ஒரு கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனார். காலை ஆறு மணிக்குச் சேறு கல்லாக இறுகியிருந்தது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். கம்பளியை அவர் சொன்ன வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தோம்.

சாலையில் மாடு குறுக்கே வந்து மோதிவிட்டால்?

பெரும்பாலும் தவறு உங்களுடையது. இது 'திறந்த மேய்ச்சல்' பகுதி. இங்கே மாட்டுக்குச் சாலையில் நிற்க உரிமை உண்டு, வண்டி நசுங்கியதோடு மாட்டுக்கும் காசு கொடுக்க நேரலாம். கறுப்பு மாடு, கறுப்புச் சாலை, ராத்திரி – இருட்டிய பிறகு ஓட்டாமல் இருப்பதே நல்லது. மூடியிருந்த கதவைத் திறந்து போனால் திரும்ப மூடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தபடியே விடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஜோர்டன் வேலியில் உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். அதைத் தாண்டினால் அதுவும் கிடையாது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், இரண்டு நாளைக்குத் தாங்கும்.